யோனாவின் கதையை எதில் படிக்கலாம்: இரண்டு தமிழ், இரண்டு ஆங்கிலம், ஒரு ராஷி

யூத வேதத்திலிருந்து ஒரு கதையை எடுத்து நிதானமாகப் படிக்க வேண்டும், வழிபாட்டுக்காக அல்ல, கதை என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில். எங்கே தொடங்கலாம்? என்னைக் கேட்டால் யோனாவைத்தான் சொல்வேன். ஆபிரகாம் மகனைப் பலியிடக் கூட்டிப்போகும் கதை 19 வசனங்கள்தான், ஆனால் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துவிடும். முதல் கதையாக அது வேண்டாம். ரூத்தின் கதை அருமையானது. ஆனால் நிலத்தை மீட்கும் உரிமை, இறந்தவனின் உறவினர் விதவையை மணப்பது என்று அந்தக் காலத்து வழக்கம் கொஞ்சம் தெரிந்தால்தான் கடைசி அதிகாரம் பிடிபடும். யோனா அப்படி இல்லை. 4 அதிகாரம், 48 வசனம், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். அப்புறம் பல நாள் மனசைவிட்டுப் போகாது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கடவுள் யோனா என்ற தீர்க்கதரிசியை நினிவேக்குப் போகச் சொல்கிறார். நினிவே அசீரியர்களின் மாநகரம். இன்றைய இராக்கில், மோசுல் பக்கம், டைகிரிஸ் கரையில் அதன் மேடுகள் இருக்கின்றன. யோனா நேர் எதிர்த் திசையில் கப்பல் பிடிக்கிறான். புயல் வருகிறது. சீட்டுப் போட்டுப் பார்த்தால் அவன் பெயர் விழுகிறது. கடலில் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு பெரிய மீன் விழுங்கி, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது. மறுபடி அழைப்பு வருகிறது. இந்த முறை போகிறான். ஒரே ஒரு வரி எச்சரிக்கைதான் சொல்கிறான். ஊர் முழுக்க, அரசன் முதல் ஆடுமாடு வரை, பட்டினி கிடந்து சாக்குத் துணி போர்த்தித் திருந்துகிறது. கடவுள் மன்னிக்கிறார். அதுதான் யோனாவுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே போய்க் கோபத்தோடு உட்காருகிறான். ஒரு செடி முளைத்து நிழல் தருகிறது, மறுநாளே புழு அரித்துக் காய்கிறது, அவன் செத்தால் தேவலை என்கிறான். கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவே இல்லை.

இதை எந்தப் பதிப்பில் படிப்பது என்பதுதான் நாம் முடிவு செய்ய வேண்டியது. எதில் படித்தாலும் கதை ஒன்றுதானே என்று தோன்றலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஆங்கிலத்தைக் கைப்பேசியில் திறந்து, பென்சிலோடு உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றும் வேறொரு யோனாவைக் காட்டுவது தெரிந்தது.

முதலில் கிறிஸ்தவ வேதாகமத்தின் பழைய தமிழ்ப் பதிப்பு (யூத வேதம்தான் அதில் பழைய ஏற்பாடாக வருகிறது). ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெரும்பாலும் இதுதான் புழங்குகிறது. மொழி கடினம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கடினம்தான். 'சமுகம்', 'பரியந்தம்', 'மனமடிவு' என்ற சொற்களையெல்லாம் இன்று யாரும் பேசுவதில்லை. கப்பல் தலைவனை 'மாலுமி' என்கிறது, சாதாரணக் கப்பலாட்களைக் 'கப்பற்காரர்' என்கிறது. இன்றைய வாசகருக்கு அது குழப்பம். ஆனாலும் யோனாவை முதலில் படிக்க இதைத்தான் பரிந்துரைப்பேன். காரணம், மூல மொழியான எபிரேயத்தில் கதைசொல்லி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் பொருளைக் கட்டுகிறான். அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் இடத்துக்கு இடம் அழகாக மாற்றிவிட்டால் கதையின் முதுகெலும்பே காணாமல் போய்விடும். பழைய பதிப்பு அழகைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. அதுவே இங்கே அதன் பலம்.

ஓர் உதாரணம். மீனையும் செடியையும் புழுவையும் வெயில் காற்றையும் கடவுள் அனுப்பும்போது எபிரேயத்தில் நான்கு முறையும் ஒரே வினைச்சொல்தான்: 'நியமித்தார்' என்பதுபோல. பெரிய மீனும் சின்னப் புழுவும் ஒரே உத்தரவில் வேலைக்கு வருகின்றன. பழைய தமிழில் மீனுக்கு மட்டும் 'ஆயத்தப்படுத்தியிருந்தார்' என்று வருகிறது. செடிக்கும் பூச்சிக்கும் கீழ்க்காற்றுக்கும் மூன்றிலும் 'கட்டளையிட்டு', 'கட்டளையிட்டார்'. நான்கில் மூன்று கிடைத்துவிட்டது. கடைசி இரண்டு வசனங்களில் இன்னும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்: அந்த ஆமணக்குச் செடிக்காக நீ 'பரிதபிக்கிறாயே', நினிவேக்காக நான் 'பரிதபியாமலிருப்பேனோ' என்று ஒரே சொல்லை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். கடவுளின் வாதம் முழுக்க அந்தச் சமத்தில்தான் நிற்கிறது.

எச்சரிக்கை வரியும் அப்படித்தான். எபிரேயத்தில் அது ஐந்தே சொல். பழைய தமிழில்: 'இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்.' எபிரேயத்தில் அந்த வினை, கடவுள் சோதோம் என்ற ஊரை அழித்தபோது வந்த அதே வினை. ஆனால் அதற்குத் தலைகீழாகப் புரண்டுபோவது, முழுசாக மாறிப்போவது என்றும் பொருள் உண்டு. நினிவே 'புரளும்' என்று சொல்லப்பட்டது நல்லதற்கா கெட்டதற்கா என்று யோனாவுக்கே தெரியாது என்று தல்மூதில் (யூத மத ஆசான்களான ரபிகளின் விவாதத் தொகுப்பு அது) ஒரு கருத்து இருக்கிறது. நகரம் மனம் மாறியபோது அவன் சொன்ன வாக்கு பொய்க்கவே இல்லை, அவன் நினைக்காத வழியில் பலித்தது! 'கவிழ்' என்ற தமிழ்ச் சொல்லில் அந்தப் புரட்டல் ஓரளவாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எளிமைக்காக 'அழிக்கப்படும்' என்று எழுதிவிட்டால் அது போயிற்று.

இனி பழைய பதிப்பு, ஏன் தமிழே, தோற்கும் ஓர் இடம். எபிரேயக் கதையில் யோனா ஓடத் தொடங்கியதிலிருந்து 'இறங்கு' என்ற வினை அவனை விடாமல் துரத்துகிறது. யோப்பா துறைமுகத்துக்கு இறங்குகிறான். கப்பலுக்குள் இறங்குகிறான். கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கித் தூங்குகிறான். மீன் வயிற்றில் செய்யும் பிரார்த்தனையில், மலைகளின் அடிவாரம் வரை இறங்கினேன் என்கிறான். கடவுளைவிட்டு ஓடுவது என்றால் படிப்படியாகக் கீழே போவது என்று கதை சொல்லாமல் சொல்கிறது. தமிழில் என்ன ஆகிறது? 'யோப்பாவுக்குப் போய்', 'கப்பல் ஏறினான்.' ஏறினான்! மொழிபெயர்த்தவர் மேல் தப்பில்லை. தமிழில் கப்பலில் ஏறத்தான் முடியும், யாரும் இறங்கிப் பயணம் போவதில்லை. முதல் இரண்டு படிகள் காணாமல் போய், கடைசி இரண்டு மட்டும் தமிழில் மிஞ்சுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட அன்று பென்சிலால் ஓரத்தில் 'இறங்கினான்' என்று எழுதிவைத்தேன். நீங்களும் எழுதிக்கொள்ளலாம், புத்தகம் உங்களுடையதாக இருந்தால்.

அடுத்தது திருவிவிலியம். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, 1995இல் வெளிவந்தது. நல்ல தமிழ், வாக்கியம் சுத்தமாக ஓடும், அகராதி தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதாக இருந்தால் இதையே எடுங்கள். எனக்கு இதில் ஒரே ஒரு சங்கடம். பழைய பதிப்பில் யோனா 'அவன்', இதில் 'அவர்'. எபிரேயத்தில் மரியாதைப் பன்மை என்று ஒன்று இந்த இடத்தில் இல்லை. தமிழில் எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இறைவாக்கினரை 'அவர்' என்பது நியாயமான மரியாதைதான். ஆனால் செடி காய்ந்ததற்காகச் சாகிறேன் என்று அடம் பிடிக்கும் ஒரு மனிதனை 'அவர்' என்று படிக்கும்போது அந்தப் பிடிவாதம் கொஞ்சம் கண்ணியம் பெற்றுவிடுகிறது. 'அவன்' என்று படிக்கும்போது அவன் நமக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறான். இந்தக் கதைக்கு 'அவன்'தான் பொருத்தம் என்பது என் கட்சி. எசாயா, எரேமியா போன்ற மற்ற இறைவாக்கினர்களுக்கு இப்படிச் சொல்லமாட்டேன்.

சரி, யூதர்களே செய்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்றால் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் யூதப் பதிப்புக் கழகம் இரண்டு முறை முழு வேதத்தையும் வெளியிட்டிருக்கிறது: 1917இல் ஒன்று, 1985இல் முற்றிலும் புதிதாக ஒன்று. இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது. 1917 பதிப்பின் ஆங்கிலம் பழசு. ஆனால் யோனா கப்பலுக்குள் 'இறங்கி'ப் போகிறான், எபிரேயத்தில் உள்ளபடியே. 1985 பதிப்பில் சாதாரணமாகக் கப்பல் ஏறிவிடுகிறான். அதே சமயம் செடி விஷயத்தில் 1985தான் சரி. 1917 அதைச் சுரைக்கொடி என்கிறது. 1985 ஆமணக்கு என்கிறது.

இந்தச் செடி விஷயத்தில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. எபிரேயச் சொல் 'கிகாயோன்'. வேதத்தில் யோனாவைத் தவிர வேறெங்கும் வராது. பழைய லத்தீனில் அதைச் சுரை என்று படித்துப் பழகியிருந்தார்கள். ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் தம் புது லத்தீன் மொழிபெயர்ப்பில் வேறொரு கொடியின் பெயரைப் போட்டார். இன்றைய லிபியாவில் திரிப்போலி இருக்கும் இடத்தில் அன்று ஓயா என்ற ஊர். அங்கே ஆயர் புதிய சொல்லோடு வாசித்ததும் சபையில் பெரிய கலவரமே ஆகிவிட்டது என்று இன்னொரு கிறிஸ்தவ அறிஞரான அகுஸ்தீன் சுமார் 403இல் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். சபையே தன்னைவிட்டுப் போய்விடும் என்று ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு செடியின் பெயருக்காக. தல்மூதிலோ, யோனாவின் கிகாயோனை நேரில் பார்த்திருக்கிறேன், அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள் என்று ஒரு ரபி சொல்கிறார். எண்ணெய் என்றதும் நமக்குப் புரிந்துவிடும். பழைய தமிழ்ப் பதிப்பு தயங்காமல் 'ஆமணக்குச் செடி' என்றே எழுதிவிட்டது.

ஆமணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி விளக்கமே இல்லாமல் தெரியும். வேலியோரம், குப்பைமேட்டோரம் தானாக முளைத்து மளமளவென்று ஆளுயரம் போய்விடும். விரித்த கை மாதிரி அகலமான இலை. ஒரு தண்டு ஒடிந்தால் அந்த இலை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் தொங்கிப்போகிறது என்பதும் தெரியும். சுரைக்கொடி என்று படிக்கும் வாசகருக்கு இது கிடைக்காது.

மொழிபெயர்ப்புகளோடு நிறுத்திக்கொள்வதா, உரைக்குப் போவதா? குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்துப் பழகியவர்களுக்கு யூத மரபு அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் மூலம் தனியாகப் பயணம் செய்வதில்லை. பிரான்சின் துருவா நகரத்தில் வாழ்ந்த யூத அறிஞர் ராஷி (1040–1105) எழுதிய உரைதான் முதலில் திறக்க வேண்டியது. அதை ஆங்கிலத்தில் செஃபாரியா என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். வசனத்தைத் தொட்டால் பக்கத்தில் ராஷி, இப்ன் எஸ்ரா, தாவீது கிம்ஹி என்று உரையாசிரியர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

ராஷி எப்படிப் படிக்கிறார் என்பதற்கு இரண்டு இடம் காட்டுகிறேன். யோனா கப்பலுக்குக் கூலி கொடுத்தான் என்று முதல் அதிகாரத்தில் வருகிறது. நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போவோம். ராஷி நிற்கிறார்: கடற்பயணத்தில் இறங்கும்போதுதானே கூலி கொடுப்பது வழக்கம், இவன் முன்னாலேயே கொடுத்துவிட்டான் என்கிறார். ஓடிப்போக எவ்வளவு அவசரம் பாருங்கள்! இரண்டாவது, மீன். எபிரேயத்தில் மீன் முதலில் ஆண்பாலில் வருகிறது. அடுத்த வசனத்தில் பெண்பாலில் வருகிறது. இலக்கணப் பிழையா? ராஷி சொல்லும் கதை வேறு: முதலில் விழுங்கியது ஆண்மீன், உள்ளே தாராளமாக இடம் இருந்தது, யோனா பிரார்த்தனை செய்யவே இல்லை. அதனால் அது அவனைச் சினையுற்ற ஒரு பெண்மீனின் வாயில் கக்கியது. அங்கே நெருக்கடி. அப்போதுதான் வாய் திறந்து வேண்டினான். ஆண்பால் பெண்பால் விகுதி ஒன்றிலிருந்து ஒரு மனிதனின் குணம் முழுவதையும் எடுத்துவிடுகிறார். இதை நம்ப வேண்டியதில்லை. எழுத்து எழுத்தாக ஒரு பனுவலை நேசித்துப் படிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

யோனா ஏன் ஓடினான் என்பதற்கும் ராஷியிடம் பதில் உண்டு. பிற இனத்தார் சட்டென்று மனம் திருந்திவிடுவார்கள். அவர்கள் என் பேச்சைக் கேட்டுத் திருந்திவிட்டால், இத்தனை தீர்க்கதரிசிகள் சொல்லியும் கேட்காத என் மக்கள் குற்றவாளியாகிவிடுவார்களே என்று பயந்தான் என்கிறார். கோழை என்று நான் நினைத்திருந்தவன் இந்த வரியைப் படித்ததும் தன் ஜனத்துக்காகக் கவலைப்படுகிறவனாக மாறிவிட்டான்.

உரையின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். முதலிலேயே ராஷியைத் திறந்தால், நம் கண்ணால் கதையைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. மூலத்தில் ஒரு மீன்தான் இருக்கிறது, இரண்டாவது மீன் உரையில் வந்தது என்ற வித்தியாசமே சில நாளில் மறந்துபோகும். அதனால் உரை இரண்டாம் வாசிப்புக்குத்தான்.

வரலாற்று வழி மூன்றாவது. ஆய்வாளர்கள் எழுதிய அடிக்குறிப்புகளோடு வரும் படிப்புப் பதிப்புகள் இதற்கு உதவும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இஸ்ரேல் அரசன் இரண்டாம் யெரொபெயாம் காலத்தில் யோனா என்ற தீர்க்கதரிசி இருந்ததாக அரசர்களின் நூலில் ஒரு குறிப்பு உண்டு. ஆனால் இந்தக் கதை அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நினிவேயைக் கடக்க மூன்று நாள் பிடிக்கும் என்கிறது கதை. அகழ்ந்து பார்த்த மதிலின் சுற்றளவு சுமார் 12 கிலோமீட்டர்தான். இந்த மாதிரிக் கணக்கில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. என்னை உலுக்கியது வேறு: அசீரியா கி.மு. 722இல் வட இஸ்ரேலை அழித்தது, நினிவே கி.மு. 612இல் வீழ்ந்தது. கதை பின்னால் எழுதப்பட்டதென்றால், அதை முதலில் கேட்டவர்களுக்கு இரண்டும் தெரியும். தங்கள் நாட்டைச் சூறையாடிய ஊரை, அதுவும் இப்போது மண்மேடாகிப்போன ஊரை, கடவுள் இரக்கத்தோடு பார்த்தார் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. யோனாவின் கோபம் சின்னத்தனம் என்று அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை.

மீன் வயிற்றில் மனிதன் உயிரோடு இருக்க முடியுமா என்ற கேள்வியிலேயே சுற்றும் புத்தகங்களும் காணொளிகளும் நிறைய. அவற்றை விட்டுவிடுங்கள். 48 வசனத்தில் மீனுக்கு மூன்றே வசனம்தான்.

முடிவாக, ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பழைய தமிழ்ப் பதிப்பை வாய்விட்டு ஒரே மூச்சில் படியுங்கள். புரியாத சொல்லுக்கு மட்டும் திருவிவிலியத்தைப் பாருங்கள். ஒரு வாரம் இருந்தால் அடுத்த நாள் 1917 ஆங்கிலத்தில் 'இறங்கு' எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள், அதற்குப் பிறகு ராஷி, கடைசியில் வரலாறு. நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வசனத்துக்கு வசனம் சண்டை போட்டுப் படிப்பதற்கு யூதர்களிடம் 'ஹவ்ரூதா' என்று தனிப் பெயரே இருக்கிறது. எபிரேயம் கற்க நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் பாக்கியசாலிகள். செடி வரும் வசனத்தில் நிழலுக்கு 'ட்ஸேல்', காப்பாற்றுவதற்கு 'லெஹட்ஸீல்' என்று ஒலி ஒலியைத் தொடுவது அவர்களுக்கு மட்டுமே கேட்கும்.

எந்த நாளில் படிப்பது என்றும் ஒரு யோசனை சொல்கிறேன். யூதர்கள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று பிற்பகல் தொழுகையில் இந்தப் புத்தகம் முழுவதையும் வாசிக்கிறார்கள். முந்தின மாலையிலிருந்து தண்ணீர்கூட இல்லாத நோன்பு, உடம்பு தளர்ந்திருக்கும் நேரம். ஆடுமாடுகூடப் பட்டினி கிடந்த ஊரின் கதையை அப்போதுதான் கேட்கிறார்கள். முடிவில் மீகா என்ற தீர்க்கதரிசியின் நூலிலிருந்து மூன்று வசனங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிடுவார் என்பது அதில் ஒன்று. நாமும் ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம். நான் படித்திருக்கிறேன். ஊரே பட்டினி கிடக்க வேண்டும் என்ற அரசனின் ஆணை அப்போது வேறு மாதிரி கேட்கிறது.

எந்தப் பதிப்பை எடுத்தாலும் கடைசி வசனத்துக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதனால் பழைய பதிப்பு 'பரிதபியாமலிருப்பேனோ என்றார்' என்று முடிகிறது. கடவுள் பேசி முடித்துவிட்டார், கதவு சாத்தியாயிற்று என்பதுபோல. எபிரேயத்தில் கடைசியில் 'என்றார்' இல்லை. கேள்வி தொடங்கி, ஊரைச் சொல்லி, மக்களைச் சொல்லி, கால்நடைகளில் போய் நிற்கிறது. நான் என் பிரதியின் ஓரத்தில் அந்த வரிசையிலேயே எழுதிவைத்திருக்கிறேன்: நான் இரங்க வேண்டாமா, இந்த நினிவேக்காக, இந்தப் பெரிய நகரத்துக்காக, வலது கை எது இடது கை எது என்று தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மேலே இதில் இருக்கிறார்களே, எத்தனையோ ஆடுமாடுகளும்?